கேசட்டில் பதிந்த கை

ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டால் அதில் ஓர் ஆறுதல் உண்டு. அவனுக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும், அவனும் ஒரு நாள் மேடையில் சறுக்குவான் என்று காத்திருக்கலாம். நான் பொறாமைப்பட்டது ஒரு பெட்டியின்மேல். அதற்குக் காய்ச்சலும் வராது, கை வலியும் வராது.

அது 1986. கோலாலம்பூருக்கு வடக்கே, ஈப்போவுக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு வந்தால் 'பூங்குயில்' இசைக்குழுவில் டிரம் அடிப்பேன். பதினான்கு வருஷமாக அதுதான் என் சனி, ஞாயிறு. கல்யாணம், ஞானஸ்நான விருந்து, தோட்டத்துக் கோயில் திருவிழா, எதுவானாலும் மேடையில் பின்வரிசை நடு இடம் என்னுடையது. ஸ்டானிஸ்லாஸ் என்றால் யாருக்கும் தெரியாது. 'டிரம் ஸ்டானி' என்று கேட்டுப் பாருங்கள், தெலுக் இந்தானிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை வீட்டுக்கு வழி சொல்வார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தற்பெருமைதான்.

குழுவை நடத்தியவர் அடைக்கப்பன் அண்ணன். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம், ஈப்போவில் இரும்புச் சாமான் கடை. கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மத்தியானம் எங்கள் பயிற்சி நடக்கும். அவர் ஆர்கன் வாசிப்பார், ரோசரி பாடுவாள், நான் தாளம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் பூங்குயில் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜெயபாலன் எங்களிடம் வந்தது ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ணுவதற்குத்தான். கமுந்திங்கில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இருபத்தாறு வயது, ஒல்லி, அதிகம் பேசமாட்டான். 'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்று சொல்வார்களே, அவனைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிடுங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டில் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். பிஸ்கட் டின் அளவு, சாம்பல் நிறம், மேலே வரிசையாகப் பொத்தான்கள். டிரம் மெஷின் என்றான். ஒரு பொத்தானை அமுக்கினான். என் டிரம், என் சிம்பல், நான் போன வருஷம் வாங்கிய போங்கோ எல்லாம் ஒன்றாக அதற்குள்ளிருந்து சத்தம் போட்டன.

ரோசரி கை தட்டினாள். அடைக்கப்பன் அண்ணன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது சாப்பாடு கேக்காது, சண்டை போடாது, வேன்ல இடமும் அடைக்காதுலா" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டாகப் போயிற்று. முதலில் டிஸ்கோ பாட்டுகள். "இதுக்கு மெஷின் நல்லா இருக்கு ஸ்டானி, நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார் அண்ணன். அடுத்து காதல் பாட்டுகள். அடுத்து வாழ்த்துப் பாட்டு. ஆறு மாதத்தில் மூன்று மணி நேரக் கச்சேரியில் எனக்கு மிஞ்சியது கடைசிப் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் டிரம்முக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கமுந்திங்கில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, "என்னாங்க, கையில ஏதும் அடியா?" என்று விசாரித்தார்.

அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஊர்வலம். அதை மெஷினால் அடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனாலும் மாரியம்மன் சப்பரம் புறப்பட்டால் நான் மேளக்காரர்களோடுதான் நடப்பேன், ஃபாதர் என்ன திட்டினாலும் சரி. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லய வீடுகளுக்குக் குறுக்கே லாங்காங் ஓடும், சாக்கடைக் கால்வாய். சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தோளில் பாரம், குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. மேளக்காரர்தான் அவர்களுக்குக் கண். லாங்காங் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தை ஒரு நூல் பின்னுக்கு இழுப்பார். பள்ளம் வருகிறது என்று அர்த்தம். அப்புறம் இரண்டு அடி. முதல் அடியில் முன்னால் தூக்குகிறவர்கள் தாண்டுவார்கள், இரண்டாவது அடியில் பின்னால் இருப்பவர்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், அதனால் இரண்டாவது அடி தாமதித்துத்தான் விழும். எவ்வளவு தாமதம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அது கையில் இருக்கும், அவ்வளவுதான்.

மேடையில் நான் அந்த அடியை வாசித்தால், தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு வந்து வருஷக்கணக்கான ஆட்கள்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள். மெஷினோ எந்த அடியைக் கொடுத்தாலும் கோடு போட்ட நோட்டில் எழுதுவதுபோல் நேராக்கிவிடும். ஜெயபாலன் நாலைந்து தடவை முயற்சி பண்ணினான். மாவு மில் ஓடுவது மாதிரி இருந்தது. "வேணாம்பா, இதுக்கு ஸ்டானிதான்" என்று அண்ணன் கையை விரித்தார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் போதவில்லை. பதினான்கு வருஷம் முழுக் கச்சேரியையும் ஆண்ட ஒருவனுக்குப் பத்து நிமிஷம் பிச்சை போட்டால் நன்றி சொல்லத் தோன்றுமா?

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே எல்ஸி. என் மனைவிதான், என் பக்கம்தான் பேசவேண்டும். "பண்டாய்லா அந்தப் பையன்! என்னா மூளைங்க அவனுக்கு" என்று ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே புகழ்ந்தாள். அன்றைக்கு அந்த மீன் தொண்டைக்குள் இறங்கவில்லை.

மெஷினுக்குள் எல்லாப் பாட்டும் ஒரே சமயத்தில் பிடிக்காது. கச்சேரியின் முதல் பாதிக்கான பாட்டுகள் அதற்குள் இருக்கும். இரண்டாம் பாதியை ஒரு சாதாரண கேசட்டில் வைத்திருந்தான் ஜெயபாலன். இடைவேளையில் கேசட் பிளேயரிலிருந்து ஒரு வயரை மெஷினில் சொருகி ஓட்டுவான். 'க்ரீஈஈ' என்று காது கிழியும். இரண்டு நிமிஷத்தில் எட்டுப் பாட்டு உள்ளே போய்விடும்.

"இது என்னாடா பாட்டு, பூனைய மிதிச்ச மாதிரி?" என்று கேட்டேன்.

"பாட்டு இல்லண்ணே, குறிப்பு. எந்த அடி எப்போ விழணும்னு மெஷினுக்குப் புரியிற பாஷையில இருக்கு. மூணு மாசம் ஆச்சு இதைப் போட."

"இன்னொரு கேசட்ல எடுத்து வைக்கலையா?"

"எடுக்கணும்ண்ணே. ஷிப்டு மாறி மாறி வருது, நேரமே கிடைக்கல."

அக்கறையாகக் கேட்பவன் மாதிரிதான் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

தெலுக் இந்தானில் ஒரு பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஞாயிறு பூசை முடிந்து, சிம்பல் ஸ்டாண்டை எடுக்கவேண்டும் என்று ரோசரியிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போனேன். அன்றைக்குப் பயிற்சி இல்லை, மேலே யாரும் இல்லை. மேசை டிராயரைத் திறந்தேன். கேசட் இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்றே மனதில் படவில்லை. என் இடத்தை நான் எடுக்கிறேன் என்றுதான் பட்டது.

எல்ஸி கோயிலில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். எங்கள் ரேடியோ கேசட்டில் அதைப் போட்டு ரெக்கார்டை அமுக்கினேன். அந்த ரேடியோவில் மைக் உள்ளேயே இருக்கும், அமுக்கினால் அறையில் இருக்கிற சத்தமெல்லாம் பதியும், பழையது அழியும். அமைதியாக உட்கார்ந்திருந்தால் வேலை தானாக முடிந்திருக்கும். அரை நிமிஷம் உட்கார்ந்தேன். ஜெயபாலனின் மூன்று மாதம் அங்கே அழிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை நமநமத்தது. வெறும் காற்றைப் பதிந்து என்ன பிரயோஜனம்? மெஷின் கத்திய இடத்தில் ஒரு மனுஷன் கை கேட்கட்டுமே என்று ஒரு திமிர் வந்தது. போங்கோவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஊர்வலத்தை ஆரம்பித்தேன்.

கேட்க ஆள் இல்லாததாலோ, கோபத்தாலோ, அப்படி நான் எந்த மேடையிலும் அடித்ததில்லை. அந்தப் பக்கம் தீர்ந்து பொத்தான் தானாகத் துள்ளியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யார் அடித்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மறுநாள் லாரியைக் கடை வாசலில் நிறுத்தி, அண்ணனிடம் ஆணி வாங்குவதுபோல் பேசி, மேலே ஏறிக் கேசட்டை டிராயரில் வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சியில் ஜெயபாலன் வயரைச் சொருகி ஓட்டினான். மெஷினின் சின்னக் கண்ணாடியில் ஏதோ எழுத்து மினுக்கியது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் மினுக்கியது.

"ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப்போச்சா?" என்றாள் ரோசரி.

அவன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். 'க்ரீஈஈ' வரவேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் என் கை வந்தது.

நான் சிம்பல் திருகை முறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஸ்டானி, இது உன் கை மாதிரி இருக்கேப்பா" என்றார் அண்ணன்.

"நான் ஏன்ணே இதைத் தொடப் போறேன்?"

"நீங்கதானே போன வாரம் ஸ்டாண்டு எடுக்க மேல வந்தீங்க?" என்றாள் ரோசரி.

"வந்தேன், எடுத்தேன், போனேன். டிராயர் பக்கமே போகல."

"அப்போ இது யாரு கை?"

"தோட்டத்துல பொறந்தவன் எவனும் இப்படித்தான் அடிப்பான். எனக்கு என்னா தெரியும்!"

பைபிளில் வரும் சீடர் மாதிரி மூன்று தடவை மறுதலித்தேன். சேவல்தான் கூவவில்லை.

ஜெயபாலன் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டுக் கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். முடிவில், "யாரு அடிச்சதுன்னு எனக்குத் தெரிய வேணாம்ண்ணே. இந்தக் கேசட்டை நான் வச்சிக்கிறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

தெலுக் இந்தான் கல்யாணத்தில் இரண்டாம் பாதி முழுக்க நான்தான். அடித்துத் தள்ளினேன். கூட்டம் எழுந்து ஆடியது. திரும்பி வரும் வழியில் அண்ணன் என் தோளில் கை வைத்து, "என்னா இருந்தாலும் கை கைதாம்பா" என்றார். அந்த இரவு நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் வந்த ஐந்து கச்சேரிகளிலும் அப்படித்தான். ஜெயபாலன் பயிற்சிக்கு வரவில்லை, ஷிப்டு சுசாவாக, சிரமமாக இருக்கிறது, முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான். அவன் கதை முடிந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

1987 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வந்தான். ஒரு டாக்சி நிறைய சாமான். கோலாலம்பூரில் யாரிடமோ பழையதாக வாங்கிய ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு சின்ன டி.வி. கேசட்டை நம்பி ஒரு தடவை ஏமாந்தாகிவிட்டது, இனி ஃபிளாப்பி டிஸ்க்தான் என்றான். கம்ப்யூட்டரையும் டிரம் மெஷினையும் ஒரு வயரால் இணைத்தான். டி.வி.யில் கட்டம் கட்டமாகக் கோடுகள், அவற்றின்மேல் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு அடிண்ணே. முன்ன மெஷின் அடியை எல்லாம் இழுத்துக் கோட்டு மேல ஒக்கார வச்சிரும். இதுல ஒரு தாளத்தைத் தொண்ணூத்தாறு துண்டா வெட்டலாம், எந்தத் துண்டுல வேணும்னாலும் அடியை வைக்கலாம். மூணு மாசமா அந்தக் கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு ஒண்ணு ஒண்ணா வச்சேன்."

ஒரு விசையைத் தட்டினான்.

ஊர்வலம் ஓடியது. மாவு மில் இல்லை. புள்ளிகள் கோட்டுக்கு முன்னும் பின்னும் சிதறிக் கிடந்தன, அந்தச் சிதறல்தான் என் கை. நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கே அது விட்டது. நான் எங்கே முறுக்கேற்றினேனோ அங்கே முறுக்கேற்றியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நொடியே புரிந்தது. மெஷினுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் நானே உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து, கேசட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவனை நான் வெளியில் தேட வேண்டியதில்லை.

அடைக்கப்பன் அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். ரோசரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பாவும் சப்பரம் தூக்கினவர்தான். இத்தனை வருஷம் நான் அடித்ததற்கு அவள் ஒரு நாளும் கலங்கியதில்லை. அந்தப் பெட்டியை அங்கேயே தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும்போல் இருந்தது.

"ஒரே ஒரு இடம்தாண்ணே சரியா வரல" என்றான் ஜெயபாலன். "அந்த நேரம் வெளியில மோட்டார்சைக்கிள் போயிருக்கு. ரெண்டு அடி கேக்கவே இல்ல. நானா ஒரு மாதிரி போட்டு வச்சேன்."

அந்த இடத்தை ஓட்டிக் காட்டினான். டக், டக். இரண்டு அடியும் சமமாக விழுந்தன.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. தப்பு! வசமாக மாட்டிக்கொண்டான். நான் பேசாமல் இருந்தால் அது தப்பாகவே மேடைக்குப் போகும். தோட்டத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள், ஏதோ ஒட்டவில்லை என்பார்கள். அண்ணன் பழையபடி 'இதுக்கு ஸ்டானிதான்' என்பார். நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அண்ணன். "யாருக்குத் தெரியப் போவுது. அடுத்த வாரமே மேடையில போட்டுறலாம்லா. இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். தாளம் வந்தது, ஒரு நூல் பின்னுக்கு இழுத்தது, அதுவரை எல்லாம் நான். டக், டக். சட்டைக் கைக்குள் வேறொருவன் கையை விட்டதுபோல் இருந்தது. அண்ணன் தலையாட்டி ரசித்தார். அந்தத் தப்பையும் சேர்த்து ரசித்தார்! இன்னொரு தடவை என்றாள் ரோசரி. மறுபடி ஓடியது. இழுத்தது. டக், டக்.

"நான் அப்படி அடிக்கலடா!"

கத்தியது நான்தான். நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. "ரெண்டையும் ஒரே மாதிரி வச்சா பின்னால தூக்குறவன் லாங்காங்குல விழுவான்! எவன்டா உனக்கு இப்படி வைக்கச் சொன்னான்?"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ரோசரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஆர்கனின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். பதினான்கு வருஷம் கூட இருந்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜெயபாலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூன்று மாதத்தை அழித்தவன் எதிரே நிற்கிறேன். அப்புறம் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினான்.

"உக்காருங்கண்ணே. எப்படி அடிச்சீங்க?"

படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. இறங்கிப் போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். போனால் அந்த இரண்டு அடியும் அப்படியே நிற்கும். ஊர் ஊராகப் போகும். என் கை என்று யாருக்கும் தெரியாமல், என் கையாகவும் இல்லாமல்.

உட்கார்ந்தேன். அவன் காட்டிய பொத்தானில் விரலை வைத்தேன். தாளம் ஓடி வந்தது, இழுத்தது. ஒரு அடி அடித்தேன். காத்திருந்தேன். இரண்டாவதை அடித்தேன். டி.வி.யில் இரண்டு புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

"இதானாண்ணே?"

"இதான்."

அவன் டிஸ்க்கைச் சொருகி அதைப் பதிந்தான். பிறகு முதலிலிருந்து ஓட்டினான். நான் அந்தப் பத்து நிமிஷமும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு தப்பையாவது கண்டுபிடித்துவிடத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.